மூன்றில் நின்ற எண்

அரசு நிறுவனம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கட்டுப்பாட்டு அறைகளுக்கு நிரல் எழுதினேன். நிரலைவிட அதிகமாகச் செயல்முறைகள் எழுதினேன். எந்திரத்தை எப்படி நிறுத்துவது, எப்படித் தொடங்குவது, தொடங்கியபின் யார் எங்கே கையெழுத்துப் போடுவது என்று பத்தி பத்தியாக. அவற்றை யாரும் விரும்பிப் படித்ததாகத் தகவல் இல்லை. ஏதாவது கெட்டுப்போனால் மட்டும் தேடி எடுப்பார்கள், யார் எந்தப் பத்தியை மீறினார் என்று பார்க்க. நானும் அதற்காகத்தான் எடுப்பேன். என் பெயர் அதில் ஒருபோதும் வந்ததில்லை.

ஓய்வுபெற்ற பிறகு, காலை நடையில் பழக்கமான ஒருவர் தன் கோல்ட் ஸ்டோரேஜுக்கு அலாரம் செய்து தர முடியுமா என்று கேட்டார். நஞ்சன்கூட்டில், தொழிற்பேட்டை முடியும் இடத்தில் இருந்தது அது. உருளைக்கிழங்கும் புளியும் மிளகாயும் மூட்டை மூட்டையாகக் குளிரில் கிடக்கும். அந்தக் குளிரை உண்டாக்குவது அமோனியா. கம்ப்ரஸர் அறையில் குழாய் குழாயாக ஓடும். கசிந்தால் கண்ணெரியும், தொண்டை மூடும், அதிகமானால் ஆளைக் கொன்றுவிடும். கசிவை உணரும் சென்சார், காற்றில் எவ்வளவு அமோனியா என்று எண்ணில் காட்டும் திரை, எண் ஏறினால் அலறும் சைரன். இவ்வளவுதான் வேலை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவனுக்கு அது போதும் போலிருந்தது.

அந்த அறையின் ஆபரேட்டர் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். ஐம்பது வயது இருக்கும். குடும்பம் கொள்ளேகாலில். ஒரு நாள் மாலை இருவரும் ஒரே பஸ்ஸில் மைசூர் திரும்பினோம். அவர் அங்கிருந்து ஊருக்குப் பஸ் மாற வேண்டும். பாதி வழியில் என் பக்கம் சாய்ந்தார்.

“சார், ஒண்ணு சொல்லோணும். மொதலாளிக்குத் தெரியக்கூடாதுங்க.”

“சொல்லுங்க.”

“எனக்கு வாசனை தெரியறதில்லீங்க. கொரோனா வந்துச்சுல்ல, அப்பப் போனது. திரும்ப வந்துரும்னாரு டாக்டரு. வரலீங்க.”

“எதுவுமேவா?”

“மல்லிப்பூவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. இந்த பஸ்ஸுல அது ஒரு நிம்மதிதானுங்க.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அமோனியா அறையில் வேலை செய்பவனுக்கு முதல் கருவி மூக்குதான். துளி கசிந்தாலும் மூக்கு சொல்லிவிடும், கால் தானாக வாசலுக்கு ஓடும். இவரோ அந்த அறைக்குள் தனியாகப் போய், வாரம் ஒருமுறை வால்வைத் திறந்து, குழாயின் அடியில் தேங்கும் எண்ணெயை வடிக்கிறார். எண்ணெய் தீர்ந்தால் அதே வால்வு வழியாக அமோனியா பீறிடும். அந்தத் தொழிலில் ஆட்கள் அதிகம் சாவது எண்ணெய் வடிக்கும்போதுதான்.

“வேற வேலை பாக்கக் கூடாதா?”

“பெரியவ நர்சிங் ரெண்டாவது வருஷங்க. எனக்கு இதைத் தவிர என்ன தெரியும்? தெரிஞ்சா அன்னைக்கே கேட்டுக்கு வெளிய விட்ருவாங்க. அதான், உங்க அலாரம் எப்ப வரும்னு கேட்டுட்டே இருக்கேன்.”

முறைப்படி நான் அடுத்த நாளே முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். நானே எழுதிய பத்திகள் அப்படித்தான் சொல்லும். சொல்லவில்லை. நன்றாக அலாரம் செய்து கொடுத்துவிட்டால் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது என்று கணக்குப் போட்டேன்.

சென்சார் கொடுக்கும் எண் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்தால் தாவும், ஈரம் பட்டால் தாவும். அப்படியே சைரனோடு இணைத்தால் நாள் முழுக்க அலறும். இரண்டே நாளில் யாராவது கம்பியைப் பிடுங்கிவிடுவார்கள். எது வெறும் நடுக்கம், எது உண்மையான கசிவு என்று பிரித்துச் சொல்லும் பகுதியை எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரி எழுதித் தந்தாள். அவளைப் பள்ளிச் சீருடையில் பார்த்த நாளிலிருந்து தெரியும். இப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது, மென்பொருள் கம்பெனி ஒன்றில் பெரிய பொறுப்பு. அவள் எழுதியது வேறு மொழியில். என் நிரல் பழைய சி மொழியில். அவளுடையதை ஒரு லைப்ரரியாக என் நிரல் தனக்குள் ஏற்றிக்கொள்ளும்.

சி நிரல் எழுந்து நின்றாலே வேலைக்குத் தயார். அவளுடைய மொழி அப்படியல்ல. ரன்டைம் என்று கூடவே ஒரு பரிவாரம் வரும். நினைவகத்தில் குப்பை அள்ள ஒருவன், வேலைகளை முறை வைத்து அனுப்ப ஒருவன், நேரம் பார்க்க ஒருவன். வேறு மொழி நிரல் அந்த லைப்ரரியை ஏற்றினால் முதலில் இந்தப் பரிவாரத்தை எழுப்ப வேண்டும். அதன் பிறகே உள்ளே இருக்கும் எதையும் கூப்பிடலாம். எழுப்பாமல் கூப்பிட்டால் நிரல் அந்த இடத்திலேயே விழுந்து சாகும்.

ஒருமுறை அப்படி விழுந்தது. தொடக்கப் பகுதியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று, எழுப்பும் வரியை நானே கீழே தள்ளிவிட்டேன். திரை கறுத்துப்போய், ஆபரேட்டர் உடனே ஃபோன் செய்து, பத்து நிமிடத்தில் சரியானது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. மனிதன் மறக்கக்கூடிய இடத்தில் ஒரு படியை வைப்பது மோசமான செயல்முறை என்று பிறருக்கு எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆகவே, லைப்ரரி ஏற்றப்படும்போது தானாக ஓடும் ஒரு பகுதி உண்டல்லவா, அதற்குள் எழுப்பும் வேலையை வைத்துவிட முடிவு செய்தேன். ஏற்றினாலே எழுந்துவிடும். இனி யாராலும் மறக்க முடியாது.

அவள் வீட்டு கேட்டில் நின்று இதைச் சொன்னேன்.

“பேடா அங்கிள், வேண்டவே வேண்டாம்” என்றாள். “லோட் ஆகுறப்போ, லைப்ரரியை உள்ளே ஏத்துற லோடர் ஒரு பூட்டைப் பிடிச்சிருக்கும். அந்த நேரத்துல ரன்டைமை எழுப்பினா அது ஒரு உதவி த்ரெட்டை, இன்னொரு ஆளைக் கிளப்பும். அந்த த்ரெட்டும் லோடர்கிட்ட எதுக்காவது போய் நின்னா?”

“நின்னா நிக்கட்டும். வரிசைன்னு ஒண்ணு இருக்கு.”

“வரிசை இல்ல அங்கிள். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிப்பாங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும்.”

“உங்க கம்பெனில அப்படி நிறைய பேரோ?”

அவள் சிரித்துவிட்டாள். “ரூல் எழுதறவங்களோட வாதாடாதேன்னு அம்மா சொல்லுவா. ஆய்த்து, சரி, நீங்க பண்ணுங்க. ஆனா டெஸ்ட் பண்ணுங்க.”

சோதித்தேன். கிடங்கில் இருந்த பழைய கணினியிலேயே நாற்பது முறை நிறுத்தித் தொடங்கினேன். நாற்பது முறையும் எழுந்தது. அந்தக் கணினிக்குள் கணக்குப் போட ஒரே ஒரு கோர், ஒரே மூளைதான் என்பதையும், ஒற்றைக் கோரில் அந்த ரன்டைம் உதவி த்ரெட் எதையும் கிளப்பாது என்பதையும் நான் யோசிக்கவில்லை. அவள் பயந்த அந்த இரண்டாம் ஆள் அங்கே பிறக்கவே இல்லை. நான் சோதித்ததெல்லாம் ஆபத்தே இல்லாத இடத்தில்.

இன்னொரு ஏற்பாடும் என்னுடையதுதான். எங்கள் அலுவலகத்தில் கட்டுப்பாட்டுத் திரை ஒரு நிமிடம் வெறுமையாக இருந்தால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அதனால் நாங்கள் எல்லோரும் ஒரு வழக்கம் கண்டுபிடித்திருந்தோம். நிரல் தொடங்கிய உடனே, கடைசியாகச் சேமித்த எண்களைத் திரையில் போட்டுவிடுவது. உண்மையான எண் வந்ததும் அது மேலே ஏறிக்கொள்ளும். எந்த அதிகாரியும் வெறும் திரையைப் பார்க்க நேர்ந்ததில்லை. கை பழகிய வழக்கம், நஞ்சன்கூட்டிலும் அப்படியே வைத்தேன்.

ஏழெட்டு மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு இடி மின்னலில் பழைய கணினி கருகியது, உள்ளே இருந்த டிஸ்க் மட்டும் தப்பியது. செவ்வாய்க்கிழமை புதிய கணினி வந்தது. நான் எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு ஆபரேட்டரே எல்லாவற்றையும் மாற்றினார். கோப்புகள் நகல் ஆனதா, டிக். திரையில் எண் வந்ததா, டிக். சைரன் பொத்தானை அழுத்தினால் அலறுகிறதா, டிக். பொத்தான் சைரனோடு நேராகக் கம்பியில் இணைந்தது. நிரல் உயிரோடு இருந்தாலும் செத்தாலும் அது அலறும்.

புதன்கிழமை மாலை ஃபோன் செய்தார்.

“சார், புது மெஷினு அருமையா ஓடுதுங்க. நம்பரு ஆடறதே இல்ல. நேத்திலிருந்து மூணு. மூணுன்னா மூணு.”

“அப்படியா?”

“மொதலாளி வந்து பாத்துட்டு, ‘இதான்யா மெஷினு’ன்னுட்டுப் போனாருங்க.”

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை, அவள் ஆபீசுக்குக் கார் எடுக்கும்போது கேட்டில் பிடித்தேன். உன் லைப்ரரி புதுக் கணினியில் இன்னும் நன்றாக வேலை செய்கிறது, எண் ஆடவே இல்லை என்றேன். அவள் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“ஆடவே இல்லியா?”

“ரெண்டு நாளா மூணு.”

“அங்கிள், நான் நடுக்கத்தைக் குறைப்பேன், நிறுத்த மாட்டேன். சுவத்துக்குக்கூட அவ்வளவு நிதானம் கிடையாது. புது மெஷின்ல எத்தனை கோர்?”

எனக்குத் தெரியவில்லை. இன்று கடையில் விற்பதில் ஒற்றைக் கோர் கிடையாது என்பது மட்டும் தெரியும். அங்கே நின்றபடியே எல்லாம் தெளிவாகிவிட்டது. லோடர் ஒரு பதிவறைக் காப்பாளர் மாதிரி. ஒரு லைப்ரரியை உள்ளே வைத்து முடிக்கும்வரை சாவியை இடுப்பிலிருந்து எடுக்க மாட்டார். அந்த நேரத்தில், அவர் கண்முன்னாலேயே, நான் ரன்டைமை எழுப்புகிறேன். பல கோர்களைக் கண்டதும் ரன்டைம் உதவியாளைக் கிளப்புகிறது, அவன் “தயார்” என்று சொல்வதற்காகக் காத்திருக்கிறது. அவனுக்கோ தயாராக அதே அறையிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். கதவில் நிற்கிறான். காப்பாளர் ரன்டைம் முடிப்பதற்காக நிற்கிறார், ரன்டைம் உதவியாளுக்காக நிற்கிறது, உதவியாள் காப்பாளருக்காக நிற்கிறான். செவ்வாய்க்கிழமையிலிருந்து மூவரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். சென்சாரை யாரும் கேட்கவே இல்லை. திரையை நடத்துவது தனி த்ரெட். அது மட்டும் பழைய கணினியிலிருந்து நகலெடுத்து வந்த கடைசி எண்ணைக் காட்டிக்கொண்டு, பக்கத்தில் கடிகாரத்தையும் நொடி தவறாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அன்று வியாழக்கிழமை. எண்ணெய் வடிக்கும் நாள். பத்து மணிக்கு.

ஆபரேட்டருக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கம்ப்ரஸர் அறைக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, வாசலில் பெட்டியில் வைக்க வேண்டும் என்பது விதி. அலாரத்தோடு சேர்த்து அந்த விதிகளையும் எழுதிக் கொடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. முதலாளியின் ஃபோன் அணைந்திருந்தது. ஆபீஸ் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. திரையில் எண் ஐந்துக்குக் கீழே இருந்தால் முகமூடி கட்டாயமில்லை என்று இன்னொரு பத்தி இருந்தது. அதுவும் ஞாபகம் வந்தது.

“ஏறுங்க” என்றாள்.

வழியில் இரண்டு முறைதான் பேசினோம். ஊரைத் தாண்டும்போது, “அவருக்கு மூக்கு இருக்கே அங்கிள், கசிஞ்சா ஓடி வந்துர மாட்டாரா?” என்று கேட்டாள். அவருக்கு வாசனை தெரியாது என்று சொன்னேன். வண்டியின் வேகம் கூடியது. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக நகர்ந்தது. “நான் பேடா சொன்னேன்” என்றாள், ரயிலைப் பார்த்தபடி.

கிடங்கின் கேட்டுக்கு வெளியே, சாலையோரப் புங்கமரத்தடியில், மூட்டை பிரிக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கார்க் கண்ணாடியை இறக்கியதுமே எனக்கும் தெரிந்தது. மூக்குக்குள் ஊசி இறங்கியது போல.

“ஆபரேட்டர் எங்கே?” என்று கன்னடத்தில் கத்தினேன்.

“உள்ளே” என்றாள் ஒருத்தி. “கூப்பிட்டோம். ஒண்ணுமில்லை, நீங்க சும்மா பயப்படறீங்கன்னு மறுபடி உள்ளே போயிட்டான்.”

அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வால்வுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். முகமூடி இல்லை. கண்களைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு தலையைத் திருப்பி, பக்கச் சுவரில் தொங்கிய திரையைப் பார்த்தார். மூன்று. அவர் முகத்தில் சந்தேகம் இருந்தது, ஆனால் சந்தேகம் அவர் கண்மீது, திரைமீது அல்ல. மறுபடி குனிந்தார். கண்ணாடியைத் தட்டினேன். கம்ப்ரஸர் இரைச்சலில் என் தட்டல் எனக்கே கேட்கவில்லை.

அவள்தான் சைரன் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினாள். அது அலறியதும் அவர் துள்ளி எழுந்தார். வால்வை மூடினார். பதற்றத்திலும் அதை மூடினார். கதவைத் திறந்து இரண்டு எட்டு வைத்துத் தரையில் விழுந்தார். குழாயடிக்கு இழுத்துப்போய்க் கண்ணில் தண்ணீர் அடித்தோம். இருமலுக்கு நடுவே என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“மூணுதானுங்க சார் காட்டுச்சு. நான் பாத்துட்டேதான் இருந்தேன். மூணுதானுங்க.”

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். நுரையீரல் தப்பியது. வலது கண்ணில் ஒரு மங்கல் நின்றுவிட்டது.

நிரலைத் திருத்த ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என் நிரலின் முதல் வேலையாக, வேறு எந்த த்ரெட்டும் பிறக்கும் முன்பே, லைப்ரரியை ஏற்றி, ஏற்றி முடிந்த பிறகு ரன்டைமை எழுப்பும் வரி. மறந்தால் நிரல் விழட்டும், சத்தமாக விழட்டும். உண்மையான எண் வரும்வரை திரையில் கோடு மட்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பார்த்தாள். ஒரு கேலியும் செய்யவில்லை. கேலி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தவறு முழுக்க என்னுடையது என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

“ரோட்டில் இருந்த பெண்களுக்கெல்லாம் தெரிந்த நாற்றம், பக்கத்திலேயே இருந்தவனுக்குத் தெரியவில்லையா?” என்று கேட்டார்.

என் இரண்டு பக்கத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார்.

“அவனுக்கு வாசனை தெரியாதென்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போதிலிருந்து?”

“அலாரம் போடும் முன்பே.”

அவர் கோபக்காரர் அல்ல. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். “அவனை அனுப்ப எனக்கு மனசில்லை” என்றார். “ஆனால் எல்லாம் தெரிந்தே, தன் பொறுப்பில் உள்ளே போவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். வாசகம் நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களுக்குத்தானே இதெல்லாம் வரும்.”

மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆபரேட்டர் வராந்தாவில் காத்திருந்தார். வலது கண்ணில் பச்சைத் துணி.

“எழுதிக் குடுத்துருங்க சார்.”

“என்ன எழுதச் சொல்றார்னு தெரியுமா? உங்களுக்கு ஏதாவது ஆனா யாரும் பொறுப்பில்லைன்னு.”

“ஒண்ணும் ஆகாம வேலை மட்டும் போச்சுன்னா எம்புள்ளைக்கு யாருங்க பொறுப்பு? எழுதுங்க. நீங்க எழுதாட்டி அந்த ஆபீஸ்காரன் எழுதுவான். அவன் இன்னும் மோசமா எழுதுவான்.”

எழுதினேன். முப்பத்து நான்கு ஆண்டுப் பயிற்சி, பத்து நிமிடத்தில் முடிந்தது. நடுவில் ஒரு நிபந்தனையை நுழைத்தேன்: எண்ணெய் வடிக்கும் நேரம் முழுக்க, வாசனை தெரிந்த ஓர் ஆள் கதவருகே நிற்க வேண்டும். முதலாளி அதைப் படித்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். ஆபரேட்டர் தமிழில் போட்டார்.

அடுத்த வியாழக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். பத்து மணி. திரையில் உண்மையான எண் வந்திருந்தது, இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் நடுங்கிக்கொண்டு. முகமூடி மாட்டிக்கொண்டு ஆபரேட்டர் தயாராக இருந்தார். கதவருகே ஆளில்லை. விசாரித்தேன். புளி லாரி வந்திருக்கிறது, எல்லோரும் இறக்கப் போய்விட்டார்கள், மத்தியானம் அனுப்புகிறோம் என்றார்கள். மத்தியானம் யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“நீங்க நிக்கறீங்களா சார்?”

நின்றேன். அதற்குப் பிறகு எல்லா வியாழக்கிழமையும் நிற்கிறேன். அரை அங்குலம் திறந்த கதவின் சந்தில் முகத்தை வைத்து, மூச்சை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து. உள்ளே அவர் குனிந்திருக்கும் முதுகு தெரியும். அரை மணிக்கு ஒருமுறை அவர் திரும்பிப் பார்க்கிறார், நான் தலையாட்டுகிறேன், அவர் மறுபடி குனிகிறார். எனக்கு அறுபத்தொன்பது வயது. மழை பிடித்துவிட்டது. மூன்று நாளாக மூக்கு அடைத்துக் கிடக்கிறது. இன்று காலை பஸ்ஸில் அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வந்தேன். நான் வந்ததைப் பார்த்ததும் அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.